கடந்த இரண்டு வாரங்களில்

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு பத்து முதல் பன்னிரண்டு முப்பத்தைந்து வரை. வாரத்தில் அந்த இருபத்தைந்து நிமிடம்தான் உளச்சிகிச்சையாளர் திருமதி ப்ரூன்ஸ் தொலைபேசியைத் தானே எடுப்பார். மற்ற நேரமெல்லாம் இயந்திரம் பேசும். ஒரு நொடி முன்னால் அழைத்தால் இயந்திரம். ஒரு நொடி பின்னால் அழைத்தால் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஒலி. பிரேமன் நகரத்தில் பயந்துபோனவர்கள் அத்தனை பேரும் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு அந்த ஒரு நொடிக்காகக் காத்திருக்கிறார்கள் போல.

நான் இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டியவள். நொடி தவறாமல் வண்டியை எடுப்பது என் பிழைப்பு. எனக்கே அந்த நொடி அகப்படவில்லை என்றால், காலையில் கட்டிலை விட்டு எழவே முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

"கிடைச்சுதா?" என்றார் ஓக்கோ, ஒரு குடையில் தேதிச் சீட்டைக் கட்டிக்கொண்டே. டிராம் நிறுவனத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர்; இப்போது என் வேலையும் அங்கேதான்.

"லைன் பிஸி."

"அப்போ வேற யாருக்கோ உதவி கிடைச்சிட்டிருக்கு. சந்தோஷப்படு."

"ஓக்கோ, உங்க டீயைக் குடிங்க."

"மூணாவது கப்பும் முடிஞ்சுது. நீ எத்தனாவது கால்?"

பதினேழாவது. முப்பத்துநான்கு சிகிச்சையாளர்களின் பெயர்கள், அவரவர் தொலைபேசி நேரம், அவரவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். ஒருவர், இப்போது பெயர் கொடுத்தால் அடுத்த ஆகஸ்டில் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் தன் காத்திருப்போர் பட்டியலையே மூடிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பட்டியலில் சேரக் காத்திருப்பவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் அப்படி எடுத்துக்கொண்டார்.

எல்லாம் ஜூன் மாதத்தில் தொடங்கியது. காலை ஏழே முக்கால், நான்காம் எண் வண்டி, வேஸர் ஆற்றுப் பாலத்தின் நடு. தண்டவாளத்தில் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. என் கை மட்டும் நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ கதவை இடிப்பது போல் இருந்தது. காற்று உள்ளே போகவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பின்னால் தொண்ணூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற ஒரே நினைப்போடு வண்டியை நிறுத்தினேன். நான்கு நிமிடம். என் கண்ணாடிக் கதவை ஒரு ஆள் மோதிரம் போட்ட விரலால் தட்டினார். "மேடம், எனக்கு எட்டு அஞ்சுக்கு ஹாம்பர்க் ரயிலு!"

மருத்துவமனையில் இதயத்துக்கு ஈசிஜி எடுத்தார்கள். "குதிரை மாதிரி இதயம் உங்களுக்கு" என்றான் அந்தச் சின்னப் பையன் டாக்டர், பாராட்டுகிற குரலில். பீதித் தாக்குதலாம். எனக்கு அவமானமாக இருந்தது. இதயமாவது கெட்டுப் போயிருக்கலாம். அதற்கு ஒரு மரியாதை உண்டு.

நிறுவன மருத்துவர் டாக்டர் ஃபோஸ் விதியைப் படித்துக் காட்டினார். உளச்சிகிச்சையாளரிடமிருந்து ஒரு தாள் வர வேண்டும். சிகிச்சை தொடங்கிவிட்டது என்றோ, தேவையில்லை என்றோ. அதுவரை ஓட்டுநர் இருக்கை கிடையாது. அக்டோபர் முடிவதற்குள் தாள் வராவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போகும். எனக்கு நிரந்தரமாகக் குடைகள்.

அந்த இருக்கையைப் பற்றி வெளியே யாரிடமும் நான் உருகிப் பேசியதில்லை. ஆனால் விடிவதற்கு முன் விளக்கு போட்டுக்கொண்டு காலி வண்டியைப் பணிமனையிலிருந்து வெளியே கொண்டுவரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தெட்டு வயதில் அதைப் போல் இன்னொன்றை எங்கே போய்த் தேடுவது?

ஊரில் எல்லோரிடமும் மருந்து இருந்தது. என் கணவர் ஹாயோவிடம் மெக்னீசியம் மாத்திரை. அவர் தங்கையிடம் லாவெண்டர் எண்ணெய். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், "நாங்கள்லாம் அந்தக் காலத்துல பயப்பட நேரமே இல்லாம இருந்தோம்" என்றார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். எந்தக் காலம் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் திருமதி ப்ரூன்ஸ் தொலைபேசியை எடுத்தார். உண்மையிலேயே எடுத்தார். நான் பேச வேண்டியதை மறந்து "ஹலோ, நீங்க இயந்திரம் இல்லையே?" என்றேன். ஐம்பது நிமிட முதல் சந்திப்புக்கு மட்டும் நேரம் தர முடியும், அது சிகிச்சை அல்ல, மதிப்பீடு மட்டுமே என்றார். மூன்று வாரம் கழித்து.

நான் பதினைந்து நிமிடம் முன்பாகவே போய்ச் சேர்ந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு படிவம். 'கடந்த இரண்டு வாரங்களில் கீழ்க்கண்டவை உங்களை எத்தனை நாள் தொந்தரவு செய்தன?' ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டங்கள்.

நான் நேர்மையாக நிரப்பினேன். அந்த இரண்டு வாரத்தில் நான் வண்டி ஓட்டவில்லை. குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். திடீர்ப் பயம்: ஒருநாளும் இல்லை. மூச்சுத் திணறல்: ஒருநாளும் இல்லை. தூக்கமின்மை: இரண்டு இரவு. அதில் ஓர் இரவு எதிர்வீட்டு நாய் குரைத்தது, அதைக் கழித்துவிட்டேன். நாயால் போன தூக்கத்தை என் நோயின் தலையில் எழுதலாமா? தவிர, எனக்கு முன்னால் அங்கே ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டியதை மிகைப்படுத்திப் பறித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"இப்போ எப்படி இருக்கீங்க?" என்றார் திருமதி ப்ரூன்ஸ். கண்ணுக்குக் கீழே கருவளையம். அன்று அவருக்கு நான் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக இருக்க வேண்டும்.

"பரவாயில்லை. தினம் வேலைக்குப் போறேன். ஒரு நாள்கூட லேட் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிவிட்டு, கேட்டவரிடம் பரவாயில்லை என்றேன். யாருக்கும் சுமையாக இல்லாமல் இருப்பதை ஒரு தகுதிச் சான்றிதழ் போல நீட்டியே எனக்குப் பழகிவிட்டது. நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

'லேசான பதற்றம். மதிப்பெண் நான்கு. தற்போது சிகிச்சை அவசியமில்லை.'

"நல்ல சேதிதான் இது" என்றார்.

"அப்போ எனக்கு இடம்?"

"ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கே என்கிட்ட இடம் இல்லைங்க."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு ஆற்றின் தென்கரையில். அலுவலகம் வடகரையில். பாலத்தில் டிராமில் போனால் பன்னிரண்டு நிமிடம். நான் ஜூனிலிருந்து அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. அரைமணி நடந்து படகுத்துறைக்குப் போவேன். சுற்றுலாக்காரர்களோடும் சைக்கிள்களோடும் சின்னப் படகில் அக்கரை போவேன். அங்கிருந்து மறுபடி நடை. ஹாயோவிடம் உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். தண்ணீருக்கு மேலே பாலத்தில் பயம், அதே தண்ணீரில் ஆடுகிற படகில் பயமில்லை. இதில் என்ன நியாயம் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டால் படகும் கைவிட்டுப் போய்விடுமோ என்று இருந்தது.

தாளை டாக்டர் ஃபோஸிடம் கொடுத்தேன். அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி வாக்கில், ஒரு செவ்வாய்க்கிழமை, கடிதம் வந்தது. 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்.' வரும் திங்கள் முதல் நான்காம் எண் வண்டி, முதல் நடை, காலை நான்கு நாற்பத்தெட்டு.

ஓக்கோ மறுநாள் ஒரு தட்டு நிறைய வெண்ணெய்க் கேக் கொண்டுவந்தார். "போயிட்டியா? இனிமே குடைங்களோட சண்டை போட எனக்கு யாரு துணை?"

"புதுசா ஒருத்தர் பயந்துட்டு வருவாரு, கவலைப்படாதீங்க."

"வந்தா உன்னை மாதிரி வாயாடியா இருக்கக் கூடாது."

இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். நடிப்பு இல்லை. முத்திரை குத்திய தாள் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியது. என் நெஞ்சு சொல்வதைவிட முத்திரை சொல்வதை நம்புகிறவள் நான். வியாழக்கிழமை மாலை சீருடையை இஸ்திரி போடும்போதுதான் உறைத்தது. பணிமனை வடகரையில். நான்கு இருபதுக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் படகு ஏது? பாலத்தில் வண்டி ஓட்டுவதற்கு முன்னால், வண்டியிடம் போய்ச் சேரவே பாலத்தைத் தாண்ட வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அப்போதே கிளம்பினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், குதிரை இதயம் ஆயிற்றே. முதல் விளக்குக் கம்பம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் காற்று மறுபடி உள்ளே போகவில்லை. பக்கவாட்டுக் கம்பியைப் பிடிக்கப் போனேன். முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. பின்னாலிருந்து மணிச் சத்தம்.

"ஏம்மா! இது சைக்கிள் பாதை! கண்ணு தெரியலையா?"

"மன்னிச்சுக்கங்க" என்றேன். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாக நம்பிய அந்த நேரத்திலும், சைக்கிள் பாதையில் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பமாகப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

ஹாயோ சமையலறையில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு மாசமா படகுலயா போயிட்டு வர்றே?"

"ஆமா."

"என்கிட்ட உடற்பயிற்சின்னே!"

"நடந்தேன்ல. அதுவும் உடற்பயிற்சிதான்."

"விளையாடாதே இம்கே. மெக்னீசியம் சாப்பிட்டியா இல்லையா?"

"ஹாயோ, இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னா வாணலியைத் தூக்கி வெளியே போட்டுருவேன்."

அடுப்பை அணைத்தார். வாணலியை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். "சரி. திங்கட்கிழமை நான் காருல கொண்டுபோய் விடறேன். பாலம் வர்றப்போ நீ கண்ணை மூடிக்கோ."

"வண்டி ஓட்டறப்பவும் மூடிக்கட்டுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். பிறகு இருவருக்கும் அது நின்றுபோனது.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்றார் மெதுவாக. "உக்காந்துட்டா கையே ஞாபகப்படுத்திக்கும். இருபத்திரண்டு வருஷம் இல்லையா? சொல்லிட்டேன்னா அந்த சீட் போயிரும். நீ அதுக்கப்புறம் எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது தவறில்லை. என்னை அறிந்துதான் சொன்னார். படுக்கையில் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். பயணிகளின் பாதுகாப்புக்காகத்தான் கடைசியில் தீர்மானித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நான் உறைந்துபோய் இருக்க, வெளியே ஒரு மோதிரம் மறுபடி கதவைத் தட்டும். அதை இன்னொரு முறை என்னால் கேட்க முடியாது. அவ்வளவுதான். தொண்ணூறு பேரும் எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் ஃபோஸின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் தாளை மேசையில் விரித்தார்.

"எனக்குப் புரியல, திருமதி ஓல்ட்மான்ஸ். மதிப்பெண் நாலு. என் மனைவி எடுத்தாலே ஏழு வரும்."

"கடந்த ரெண்டு வாரத்துக்கு நாலு, டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"கேக்கல."

"நீங்களே சொல்லியிருக்கலாமே!"

"கட்டம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னிக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"படகுல."

"படகா? பாலம் இருக்கே!"

"தெரியும். அதுக்கு மேல ஒரு லட்சம் தடவையாவது ஓட்டியிருப்பேன்."

அதன் பிறகு அவர் சத்தம் போடவில்லை. பயம் வராமல் இருந்ததா, பயம் வரும் இடத்துக்கு நான் போகாமல் இருந்தேனா என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாராவது செப்டம்பரில் கேட்டிருந்தால், என்று வாய் வரை வந்தது. ஆனால் செப்டம்பரில் கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என் எரிச்சலில் பாதி அவர்கள் மேல். மீதிப் பாதிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

அதே படிவத்தை மறுபடி கொடுத்தார். 'கடந்த இரண்டு வாரங்களில்' என்பதை அடித்துவிட்டு, 'பாலத்தை நினைக்கும்போது' என்று தன் கையால் எழுதினார். பதினெட்டு வந்தது.

"இப்போ நான் அந்தக் கடிதத்தை ரத்து பண்ணியாகணும்" என்றார். "மாசக் கடைசிக்குள்ள சிகிச்சை ஆரம்பிச்ச தாள் வராது. உங்க இடம் வேற ஆளுக்குப் போயிரும். சரியானதுக்கப்புறம் புதுசா விண்ணப்பிக்கலாம், காலியிடம் இருந்தா. புரியுதில்ல? நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

"பாலத்து நடுவுல திறந்திருப்பேன், டாக்டர்."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். நான் வெளியே வந்து, அலுவலகத்துக்குப் போகாமல், ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் தடவையாக அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. கோபம். என் இருபத்திரண்டு வருடத்தை என் வாயாலேயே கேட்டுத் தொலைத்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த செவ்வாய், பன்னிரண்டு பத்து. ஓக்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாக எண்ணினார். "அஞ்சு, நாலு, மூணு... அமுக்கு!" இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"திருமதி ப்ரூன்ஸ், நான் இம்கே ஓல்ட்மான்ஸ். செப்டம்பர்ல வந்தேன். எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க. எனக்கு இருக்கு."

"சொல்லுங்க."

சொன்னேன். ஓக்கோ எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். ஒற்றைக் கையுறையைத் தேடி வந்த யாரையோ "மதியச் சாப்பாடு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்புவது கேட்டது. நான் எதையும் கழிக்காமல் பேசினேன். நாய் குரைத்த இரவைக்கூட.

மறுமுனையில் நீண்ட மூச்சு. "எதையெல்லாம் தவிர்க்கறீங்கன்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கல. மன்னிச்சுக்கங்க."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம், இடம் வேணும்." இதைச் சொன்னது நான்தானா என்று இருந்தது. யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"ஒருத்தர் ஊர் மாறிப் போறாரு. வியாழன் காலை ஒன்பது இருபது. டாக்டரோட பதினெட்டை எடுத்துட்டு வாங்க."

ஐந்து மாதம், முப்பத்துநான்கு பெயர்கள். ஒருவர் வீடு மாறியதால் எனக்கு உதவி கிடைத்தது.

வியாழக்கிழமை அந்த அறையில் நான் கேட்ட முதல் கேள்வி, ஏன் என்பது. ஏன் பாலம், ஏன் ஜூன், ஏன் நான். அவர் தோளைக் குலுக்கினார்.

"ஏன்ங்கறது பின்னாடி தெரியலாம். தெரியாமலும் போகலாம்."

"அப்போ எதுக்கு நான் வந்தேன்?"

"பாலத்துல நாலாவது கம்பத்துல பயம் வந்தப்போ என்ன பண்ணீங்க?"

"திரும்பிட்டேன்."

"ஜூன்ல?"

"வண்டியை நிறுத்தினேன். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனாங்க."

"அதாவது பயம் ஏறும்போதெல்லாம் நீங்க இறங்கிட்டீங்க. பயம் ஏறும், உச்சிக்குப் போகும். அதுக்கு மேல ஏற அதுக்கு இடமில்லை, அதுவா இறங்கும். அது இறங்கறதை நீங்க ஒரு தடவைகூட இருந்து பார்த்ததில்லை. படகு உங்களைப் பார்க்க விடல."

"படகைக் குறை சொல்லாதீங்க" என்றேன் சட்டென்று. "எனக்கு உதவினது அது ஒண்ணுதான்." அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அவர் என்னை மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். குறித்துக்கொண்டதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசியில் அவர் நாட்குறிப்பைத் திறந்தார். "இன்னும் ரெண்டு தடவை இங்க பேசுவோம். நாலாவது சந்திப்பு இங்க இல்லை. பாலத்தோட தென்கரை முனையில. நான் கூட வருவேன், பக்கத்துல நடப்பேன். உங்களுக்குப் பயம் வரும். நாம திரும்ப மாட்டோம். நின்னு அது இறங்கற வரைக்கும் காத்திருப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. சில பேருக்கு நாப்பது நிமிஷம் ஆகுது."

"பாலத்து நடுவுல நாப்பது நிமிஷம் நிக்கறதா? நவம்பர்ல?"

"ஆமா."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சாலும்தான்."

இதற்காகவா இத்தனை மாதம் கெஞ்சினேன்? என்னைத் தடவிக் கொடுத்து, ஒரு காரணம் சொல்லி, ஒரு தாள் கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். சம்மதம் என்று நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.